மலைவீட்டுச் சமையற்காரருக்கு

786

வில்லியனூர்,
20 செப்டம்பர் 1936

அன்புள்ள மச்சான் அமீர் ஹம்சா அவர்களுக்கு, ரோஷன் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் பாத்திமுத்தும் மாமாவும் சுகம். உங்கள் கடிதம் திங்களன்று கைக்கு வந்தது. பாத்திமுத்துக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

துரையின் கடலோர மலைவீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எப்படிப் பொழுது போக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரிக்குப் படித்துக் காட்டினேன். காலையில் கடல் குளியல், பிறகு படகு, ஆட்டுத்தடத்தில் ஏறிப் பழைய கோட்டை, எலுமிச்சைத் தோப்பில் சாப்பாடு. கேட்டுவிட்டு, "இதுக்கு இன்னாத்துக்கு பிரான்சு வரைக்கும் போவணும்? நம்மூர்ல ஆறு இல்லியா?" என்றாள்.

அவ்வளவுதான். வியாழனன்று அவளே மாட்டுவண்டி ஓட்ட, பாத்திமுத்தையும் ஏற்றிக்கொண்டு செஞ்சியாற்றுக்குப் போய்விட்டோம். மலைக்கு எங்கே போவது? கரைமேட்டில் ஏறி இறங்கினோம். முழங்கால் தண்ணீரில் நீந்திக் காட்டுகிறேன் என்று கஸ்தூரி குப்புற விழுந்து, மணலில் தரைதட்டிக் கிடந்தாள். நான் சிரித்த சிரிப்பில் கால் வழுக்கிச் சேலையோடு உட்கார்ந்துவிட்டேன். தோப்புக்குப் பதிலாக எலுமிச்சைச் சோறு.

அந்த நேரம் பார்த்து மாமா தேடிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னாம்மா கூத்து இது? வூட்டப் பூட்டிக்கினு ஆத்துல குந்திக்கினு கீறீங்க!" என்று சத்தம் போட்டார். நான் சேலையைப் பிழிந்துகொண்டு எழுந்தேன். பாத்திமுத்துதான் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். முதலில் உதறினார். அப்புறம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியவர், அரைமணி நேரம் ஏறவே இல்லை.

திரும்பும்போது வண்டியில், "எம்புள்ள அமீரும் அங்க இப்டி கடல்ல எறங்குவான் இல்ல?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை மறுபடியும் படித்தேன். படகில் போனவர்கள் யார், எத்தனை மீன் பொரித்தீர்கள், மலையேறுகிறவர்களுக்கு எத்தனை கூடை சாப்பாடு கட்டினீர்கள், எல்லாம் இருக்கிறது. நீங்கள் போனதாக ஒரு வரி இல்லை. சித்திரையில் கப்பலேறினீர்கள். இத்தனை மாதமும் அந்தக் கடலைச் சமையற்கட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறீர்களா, மச்சான்?

துரை இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார், உன் எண்ணம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். இப்போது இப்படி எழுதுகிறேன். துரைசானியிடம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேளுங்கள். கொடுத்தால் இருங்கள், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். முடியாது என்றால் அடுத்த கப்பலில் புறப்பட்டு வந்துவிடுங்கள்.

எதுவானாலும், குளிர் வருவதற்குள் ஒரு தடவையாவது அந்தத் தண்ணீரில் இறங்குங்கள். எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். இந்தத் தடவை எனக்கு வேறொன்றும் அனுப்ப வேண்டாம். அல்லாஹ் உங்கள் உடம்புக்கு நலத்தையும் கைகளுக்குக் கொஞ்சம் ஓய்வையும் தரட்டும்.

வழி பார்த்திருக்கும்,
ரோஷன் பீவி