பறக்கிறவனுக்கு நான் அம்மா

பங்குனி, செவ்வாய்க்கிழமை

சினிமாவில் அம்மா வேஷம் என்றதும் பவுடரை அப்பிக்கொண்டு, நான் வேலை செய்யும் உப்பளத்துக்கே போனேன். வெயிலில் அது கோடுகோடாக வழிந்தது.

பறக்கிற ஹீரோவுக்குக் கோபம் வந்தால் ஊரையே உடைப்பானாம். சின்ன வயதில் அம்மா அடித்ததுதான் காரணமாம். உப்பு வாரும் பலகையால், சின்ன வயது ஹீரோவாக நடிக்கிற பையனை அடிக்கச் சொன்னார் டைரக்டர்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெக்கிற பலகை சார், புள்ள மேல ஓங்க மாட்டேன். பறக்கிறவன் கோவத்துக்கு அவனே பதில் சொல்லட்டும்."

"அப்ப வேற ஆள வெச்சிக்கறேன்மா."

"வெச்சிக்கங்க. இங்க எல்லாரும் புள்ள பெத்தவங்கதான், கேட்டுப் பாருங்க."

கேட்டார். கூட வேலை செய்கிறவர்களில் ஒருத்தியும் பலகையைத் தூக்கவில்லை. கடைசியில் அடிக்கிற காட்சியை நீக்கிவிட்டு, என்னையே அம்மாவாக நிற்கச் சொன்னார்.

அப்புறம் ஹீரோ வரப்பிலிருந்து பறப்பதற்காகக் குதித்தார். வாய்க்கால் சேற்றில் முழங்கால்வரை இறங்கிவிட்டார். ஆளை இழுத்துவிட்டோம். ஒரு பூட்ஸ் உள்ளேயே இருக்கிறது.