ஆலிவைத் தின்றது யார்?

மார்ச் 6, திங்கள்
சிறைக்குச் சாப்பாட்டுக் கூடை கொடுக்கும் நாள். மீனில் முள் இருக்கக்கூடாது, கண்ணாடிப் பாத்திரம் கூடாது. சிறை வாசலில் காவலர் கரண்டி விட்டுக் கிளறித்தான் உள்ளே அனுப்புவார். கிளறிய பிறகு அது கூஸ்கூஸ் ரவையா சேறா என்று தெரியாது.

லுத்ஃபியைப் பார்க்க இன்றும் விடவில்லை. துறைமுக வேலைநிறுத்தத்தில் பிடிபட்டவன், உள்ளே காவலரை எதிர்த்துப் பேசினானாம். அதற்குத் தண்டனை, சந்திப்பு ரத்து. என் புருஷனிடம் போக எனக்கு அனுமதி இல்லை, என் மீனுக்கு இருக்கிறது.

மார்ச் 9, வியாழன்
திங்கட்கிழமைப் பாத்திரம் திரும்பி வந்தது. காலி. அவசரத்தில் கைதவறிப் போட்ட ஆலிவ் உட்பட.

ஆலிவ் தோப்புகள் சூழ்ந்த ஸ்ஃபாக்ஸில் பிறந்து ஆலிவைத் தொடாத ஒரே மனுஷன் அவன். கல்யாணத்தன்றே தன் தட்டில் இருந்ததை எல்லாம் என் தட்டில் தள்ளினான். வரிசையில் எப்போதும் எனக்கு முன்னால் நிற்கும் ஸோஹ்ரா அக்கா சிரித்தாள். அவள் மகனும் உள்ளேதான். "பசிச்சா எல்லாத்தையும் தின்பான்டி. வீட்ல உன்கிட்ட செல்லம் கொஞ்சியிருக்கான்."

இல்லை. தின்னமாட்டான். அப்படியென்றால் யார் தின்றது? லுத்ஃபி எங்கே?

மார்ச் 11
தெருவில் ஒருவன் லுத்ஃபி மாதிரியே இருமினான். மீன் சந்தை வரை அவன் பின்னாலேயே போனேன்.

மார்ச் 14, செவ்வாய்
சிறைகளைக் கண்காணிக்கும் குழுவின் அலுவலகம். விதாத் என்ற பெண் பேசினாள்.

"அவனை வெளியே எடுத்துடுவீங்களா?"

"அது எங்களால முடியாது, ஹயாத். பார்க்கலாம், எழுதலாம். நம்ம நாடு கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை இருக்கு. எந்தச் சிறைக்கும் சொல்லாம கொள்ளாம போகலாம், எந்தக் கதவையும் திறக்கச் சொல்லலாம், கைதியோட தனியா பேசலாம். நாங்க எழுதுறதை சிறைக்காரங்க மதிக்கலைன்னா, ஜெனீவாவுல இருக்கிற சர்வதேசக் குழு அரசாங்கத்தைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேக்கும்."

"எப்போ?"

"சில வருஷத்துக்கு ஒருமுறை."

"அதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் விழுந்துடும்" என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "அந்த ஆலிவ் விஷயத்தை மறுபடி முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள்.

மார்ச் 20
கூடை போனது. அவ்வளவுதான்.

மார்ச் 23, வியாழன்
காலிப் பாத்திரம் வாங்க வரிசையில் நிற்கும்போது வேன் வந்தது. விதாத்தும் மூன்று பேரும் இறங்கினார்கள். என்னைத் தெரியாதவள் மாதிரி கடந்து போனாள். எரிச்சலாக வந்தது — என்னைக் காப்பாற்றத்தான் அப்படி என்று பிறகுதான் உறைத்தது.

"இன்னிக்கா? யாரும் சொல்லலையே!" — வாசல் காவலர்.

"சொல்ல மாட்டோம்" என்றாள் விதாத்.

சாயங்காலம் ஃபோன் வந்தது. "உயிரோட இருக்கான், ஹயாத். ஜன்னல் இல்லாத தனி அறையில வெச்சிருந்தாங்க. சிறைக் கணக்குப்படி பழைய அறையிலயேதான் இருக்கான், உங்க கூடையும் அங்கேதான் போயிருக்கு. டாக்டரைக் கூப்பிட வெச்சிட்டோம்."

"என்ன சொன்னான்?"

"எங்களை யார் அனுப்பினதுன்னு கேட்டான். அதை நாங்க சொல்லக்கூடாது, சொல்லலை. அவனா சிரிச்சுக்கிட்டான்."

ஏப்ரல் 3, திங்கள்
சந்திக்க அனுமதி கொடுத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாதி உடம்பாக வந்து உட்கார்ந்தான். இடது கையைத் தூக்க முடியவில்லை. அடித்த காவலன்மேல் இன்னும் வழக்கில்லை, விதாத் எழுதிக்கொண்டே இருக்கிறாள். கேட்க வைத்திருந்ததெல்லாம் மறந்து, "நகம் வெட்டிக்கோ, அசிங்கமா இருக்கு" என்றேன்.

"வெட்டிவிட நீ எங்கடி இருக்க?"

நேரம் முடிந்ததென்று காவலர் இரண்டு முறை தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸில் அழுதேன். அவன் வெளியே வரவில்லை, எப்போது வருவான் என்றும் தெரியாது. எங்கே இருக்கிறான் என்று தெரிந்ததற்கே இவ்வளவு அழுகை வரும் என்று நான் நினைக்கவில்லை.