மும்மூர்த்திப் புலியாட்டம்

1943, ஆனி 24
அப்பா இன்று ஆத்தாவை, நாகசுரத்தில் செருகி ஊதும் சீவாளிகளை வைக்கிற பெட்டியால் அடித்தார். பெட்டியை வெயிலில் வைத்துவிட்டாளாம். நான் வழக்கம்போல உள்ளே போய்ப் பலகையில் கட்டம் வரைந்தேன்.

ஆனி 27
ஆட்டம் தயார். ஆடு புலி ஆட்டம்தான். ஆனால் மூன்று புலிகளும் திருவாரூரில் பிறந்து தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் கீர்த்தனம் கட்டிய மும்மூர்த்திகள். பதினைந்து ஆடுகளும் தமிழில் பாட்டுக் கட்டியவர்கள். காயை நகர்த்துகிறவர் அந்தக் காய்க்குரியவரின் பாட்டில் ஓர் அடி பாட வேண்டும். ஒருமுறை பாடியதை மறுபடி பாடக்கூடாது.

ஆத்தாவின் தம்பி ரத்தினவேல் மாமாதான் முதலில் ஆடிப் பார்த்தார். அப்பாவின் நாகசுரத்துக்குத் தவில் வாசிப்பவர். ஆவணியில் எனக்குத் தாலி கட்டப்போகிறவர்.

"ஏய் செவந்தி, அஞ்சாங் கிளாசோட நின்ன புள்ளைக்கு இம்புட்டு மூளையா? இன்னும் படிச்சிருந்தா எங்களையெல்லாம் வித்துருப்ப."

சத்தம் வராமல் சிரித்தேன். அப்பா ஆத்தாவை அடிக்கிற மாதிரி இவர் என்னை அடிக்க மாட்டார். மாட்டார்தானே?

ஆடி 3
ஆடிப்பூரப் புறப்பாட்டில் என்ன வாசிப்பது என்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை.

"தமிழ்ப் பாட்டு வாசிங்க மச்சான், ஊரே கேக்குது."

"தெலுங்குக் கீர்த்தனம் இல்லாம சாமி பொறப்பாடா? தவிலடிக்கிறவன் தவில மட்டும் அடிடா."

பிறகு என்ன தோன்றியதோ, அப்பா என் பலகையைக் கொண்டுவரச் சொன்னார். புலி அவருக்கு, ஆடு மாமாவுக்கு. ஜெயித்தவர் சொல்லும் பாட்டு.

ஆடி 4
நேற்று மேற்கொண்டு எழுத முடியவில்லை.

மாமா இரண்டு புலிகளை அடைத்துவிட்டார். மூன்றாவது புலிக்கு ஒரே வழி. அப்பா ஓர் அடி பாடிக் காயை நகர்த்தினார். அது வேறொரு புலியின் பாட்டு. நாகசுரத்தில் வாசிக்கச் சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், தேவையில்லை. கட்டியவர் பெயர் வரும் கடைசி அடியை அப்பா ஒருநாளும் பாடியதில்லை; அதனால் யார் பாட்டென்று அவருக்குத் தெரியாது.

மாமா செல்லாது என்றதும் அப்பா என் பக்கம் திரும்பினார். "நீதானே ஆட்டத்தக் கட்டுன? யார் பாட்டுன்னு சொல்லுடி."

"அது... அவரு பாட்டு இல்லப்பா."

பலகையாலேயே என் காதில் அடித்தார். ரத்தம். குறுக்கே வந்த ஆத்தாவை உதைத்தார். மாமா தவில் கழியை எடுத்து அப்பாவின் வாயில் அடித்தார். பல் தெறித்தது. அப்பா விழுந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். அப்பா கையைக்கூடத் தூக்கவில்லை. மாமா குனிந்து, அதே வாயில், திரும்பத் திரும்ப... தாளம் தப்பாமல் அடித்தார். "போதும்டா தம்பி" என்று காலைப் பிடித்த ஆத்தாவின் தோளிலும் ஒன்று விழுந்தது.

ஆடி 5
வலது காது கேட்கவில்லை.

ஆடி 7
அப்பாவின் உதட்டைத் தைத்திருக்கிறார்கள். இனி சீவாளி வாயில் நிற்காதாம். நாகசுரம் அவ்வளவுதான்.

மாமா வாசலில் நின்று, "ஒனக்காகத்தான் அடிச்சேன் செவந்தி" என்றார். முதல் அடி எனக்காக. மற்றதெல்லாம்?

ஆடிப்பூரம்
அப்பாவுக்குப் பதில் இலுப்பூர் மேளம் வந்தது. தெலுங்கும் வாசித்தார்கள், தமிழும் வாசித்தார்கள். யாரும் அடித்துக்கொள்ளவில்லை.

ஆடி 25
அப்பாவின் அண்ணன் வீரய்யா பெரியப்பா பஞ்சாயத்துப் பேச வந்தார்.

"சின்னப்பய, கை நீட்டிட்டான். போலீசு கீலீசெல்லாம் வேணாம். ஆவணியில கல்யாணத்த முடிச்சிட்டா பகை தீந்துரும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவும்.

"மாட்டேன்" என்றேன்.

"என்னடி சொன்ன?"

"விழுந்த பெறகும் அடிச்சாரு. நான் கட்டிக்க மாட்டேன்."

பெரியப்பா அறைந்தார், நல்ல காதில். மறுபடியும் சொன்னேன். மாமா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். ஆத்தா அடுப்படியிலிருந்து அரிவாளோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"எம் மகளத் தொட்டுப் பாருடா. தம்பின்னு பாக்க மாட்டேன்."

ஆவணி 12
நின்றுபோன கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்திருந்த நாள். காலையிலிருந்து மழை. அப்பாவுக்குக் கஞ்சி புகட்டினோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். விளக்கு வைக்கும் வரை தூங்கியிருக்கிறேன். யாரும் எழுப்பவில்லை.