இடது பக்க மட்கார்டு

கூலிம்
அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யுவராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் பட்டறையும் மாரியம்மன் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் நல்லபடியாக இருப்பதாக வாரம் தவறாமல் படம் அனுப்பி எங்களை நம்ப வைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் படங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டதைத் தவிர உனக்காகப் பேனாவே பிடிக்காத அப்பா இப்போது எழுதுகிறாரே என்று சிரிக்காதே. போனில் கேட்கலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள், எனக்கும் இரண்டாவது வார்த்தையிலேயே குரல் ஏறிவிடும், நீயும் "ஐயோ ஒண்ணும் இல்லப்பா, கிளாஸுக்கு நேரமாச்சுப்பா"ன்னு வைத்துவிடுவாய். அதனால் பட்டறை மேசையில் உட்கார்ந்து பழைய பில் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், முடித்ததும் படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புவேன். கடைசி வரைக்கும் படி. பாதியில் வைத்தாய் என்றால் நான் மனுசனாகவே இருக்க மாட்டேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். காரை எங்கே கொண்டுபோய் மோதினாய்? இல்லை என்று சொல்லாதே. இருபத்தெட்டு வருசமாக இடிபட்ட வண்டியைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்துத்தான் உனக்குச் சோறு போட்டேன். ஆகஸ்ட் கடைசியில் நீயும் உன் சிநேகிதி சியூ லிங்கும் நயாகரா போனபோது அனுப்பிய படத்தில் அந்தக் கார் நல்ல கார், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய பழைய வண்டிதான், ஆனால் அடிபடாத வண்டி. போன வாரம் சிவந்த மரம் பார்க்க அல்கோன்குவின் காட்டுக்குப் போனேன் என்று அனுப்பினாயே, அதே காருக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டு, அந்தப் படத்தில் இடது முன்விளக்கு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது, வலது விளக்கு மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. இடது மட்கார்டில் வெயில் படுகிற இடத்தில் பெயிண்ட் ஒரு வட்டம் உள்ளே அமுங்கியிருக்கிறது. பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகும். அம்மா அந்தப் படத்தைப் பார்த்து "மரமெல்லாம் எவ்ளோ அழகா இருக்கு பாருங்க"ங்கிறாள். நான் எங்கே மரத்தைப் பார்த்தேன்.

நீ சனிக்கிழமை சனிக்கிழமை ஊர் சுற்றுவதற்கு நான் ஒரு நாளாவது தடை சொன்னேனா? "படிக்க அனுப்பிச்சமா, ஊர் சுத்த அனுப்பிச்சமா, லைப்ரரின்னு ஒண்ணு அந்த ஊர்ல இல்லியா?" என்று அம்மா கத்தும்போதெல்லாம் நடுவில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். நான் ஈப்போவுக்கு அப்பால் பார்த்தது கேமரன் மலை ஒன்றுதான், அதுவும் கல்யாணத்துக்குப் பிறகு, மழையில். பிள்ளையாவது பார்க்கட்டும், வயசு போனால் வருமா என்று நான்தான் சொன்னேன். பினாங்கு ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு "எங்க போனாலும் சொல்லிட்டுப் போவேன், என்ன நடந்தாலும் உங்ககிட்ட மொதல்ல சொல்வேன்பா" என்று சொன்ன வாய்தானே அது? இப்போது வாரக்கணக்காக அந்த வாய் ஏரி, மலை, அணில், காப்பி என்று என்னென்னவோ சொல்கிறது, இதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த பிளேனில் திரும்பி வரச் சொல்வாள் என்று பயந்திருப்பாய். சரி, அம்மாவுக்குப் பயந்தாய். என்னிடம் எதற்கு மறைத்தாய்? நான் என்ன அடித்தேனா உன்னை, ஒரு நாளாவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேவலமாகத்தான் இருக்கிறது. முதலில் இடது பக்கம் என்று பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. நீதான் எப்போதும் ஓட்டுவாய், வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால் அடி உன் பக்கம் இல்லை என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சீனப் பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்றுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை, அப்படி ஒரு சுயநலம். இரண்டு நாள் அந்த நிம்மதியில் சாப்பிட்டேன், தூங்கினேன். வெள்ளிக்கிழமை நம்ம பெயிண்டர் ஆ சோங்கிடம் படத்தைக் காட்டினேன். அவன் பெயிண்ட் கலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, "போஸ், இது வேற பெயிண்ட் லா, கடையில விக்கிற டப்பா பெயிண்ட்"ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து ரொம்பச் சாதாரணமாக, "அந்த ஊர்ல டிரைவர் லெஃப்ட்லதான உக்காருவான், போஸ்?" என்று கேட்டான். நான் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். வாழ்நாள் பூரா வண்டியோடு கிடப்பவனுக்கு இது தெரியவில்லை பார். அவன் பயந்துபோய் ஓடிப்போய் எனக்குச் சூடாக ஒரு மைலோ வாங்கிவந்தான்.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய எல்லாப் படத்தையும் மறுபடி பார்த்தேன். காரில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற வீடியோ ஒன்று, பதினோரு விநாடி, அதை எத்தனை தடவை போட்டேன் என்று எனக்கே தெரியாது. "என்னா போஸ், பாட்டு மனப்பாடமா?" என்று ஆ சோங் கிண்டல் பண்ணுகிறான். பாட்டை எவன் கேட்டான். பாட்டுக்கு அடியில் டக், டக் என்று ஒரு சத்தம் வருகிறது, கார் பார்க்கிங்கில் திரும்பும்போது இன்னும் நன்றாகக் கேட்கிறது. ரோடு நேராக இருக்கும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது. இது மட்கார்டோடு போன அடி இல்லை. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பால் ஜாயிண்ட் அடிபட்டிருக்கிறது, அது ஒரு நாள் கழன்றது என்றால் சக்கரம் ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவாய். வருகிற வாரம் மூன்று நாள் லீவு, டோபர்மோரி வரைக்கும் போகிறோம், நாலு பேர் வருகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். போகக் கூடாது. கெஞ்சவில்லை, சொல்கிறேன். அந்தக் காரில் யாரும் ஏறக் கூடாது, முக்குக் கடைக்குக்கூட. இழுவை வண்டி வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோ, அடிபாகம் முழுவதும் பார்க்கச் சொல். ஊரைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் பஸ்ஸில் போய்ப் பார், உன் அம்மா கண்ணாடி மில் வேலைக்கு இருபது வருசம் பஸ்ஸில்தான் போய் வந்தாள்.

அந்த வேலையைச் செய்தது யார் என்றும் எனக்குத் தெரியும். நீதான். வெளியில் கொடுத்திருந்தால் மட்கார்டையே மாற்றியிருப்பான். டப்பா பெயிண்ட், பள்ளம் அடைக்கிற புட்டி, சேண்ட்பேப்பர் எல்லாம் வாங்கி அந்தக் குளிரில் வாசலில் உட்கார்ந்து நீயே அடித்திருக்கிறாய். குளிரில் புட்டி காயுமா? காயாத புட்டி மேல் பெயிண்ட் அடித்தால் அமுங்காமல் என்ன செய்யும்? பதினாலு வயதில் பள்ளி லீவுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் தெரியாமல் தேய்த்தவளா இந்த வேலை பார்த்தாள் என்று வெட்கமாக இருந்தது. "யார் மகள்னு கேட்டா என் பேரைச் சொல்லிடாதே" என்று எழுதத்தான் இந்தத் தாளையே எடுத்தேன். தேய்த்த தடம் கோடு கோடாக, மேலும் கீழும் இழுத்து, சின்னப் பிள்ளை கிறுக்கின மாதிரி.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கோடு உன் கோடு இல்லை. நீ இடது கைக்காரி. டீச்சர் பிரம்பால் தட்டியும் அம்மா சோற்றுத் தட்டை வலது பக்கம் நகர்த்தி வைத்தும் மாறாத கை அது. சேண்ட்பேப்பருக்கு எந்தக் கையாக இருந்தால் என்ன, விடு பிள்ளையை என்று நான் சண்டை போட்டுக் காப்பாற்றின கை. இந்தப் புட்டியை வலது கையால் தேய்த்திருக்கிறாய். அந்தப் பாட்டு வீடியோவில் சியூ லிங் வண்டி ஓட்டுகிறாள், பரவாயில்லையே, மகள் விட்டுக்கொடுக்கப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். நெட் சரியில்லை என்று மூன்று வாரமாக வீடியோ காலில் வரவில்லை, நானும் நம்பினேன். அந்த மூன்று வாரத்தில் நீ அனுப்பியது ஒன்பது படம், யுவராணி. ஒவ்வொன்றாக எண்ணிவிட்டேன். ஒன்பதிலும் உன் இடது கை ஜாக்கெட் பைக்குள் இருக்கிறது. அடிபட்ட மட்கார்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையாக உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்த நான் ஒரு மடையன்.

இனி காரின் படம் எனக்கு வேண்டாம். ஏரியும் வேண்டாம், மரமும் வேண்டாம். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, அந்தக் கையை வெளியே எடுத்து, ஐந்து விரலையும் விரித்து மடக்கி வீடியோ எடுத்து அனுப்பு. மடக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று அனுப்பு. டாக்டரிடம் போனாயா, போகவில்லையா, எலும்பா, நரம்பா, எல்லாம் எழுது. அடிபட்டது வெளியில் தெரியாமல் பூசி மறைக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். காருக்குத்தானே கற்றுக்கொடுத்தேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல், நான் பக்கத்தில் இருக்கிறேன். திரும்பி வா என்று அவள் சொன்னால் வழக்கம்போல நான் நடுவில் நிற்கிறேன். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, பட்டறை நிறைய வண்டி நிற்கிறது, எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம் என்கிறார்கள், இன்றைக்கு ஒன்றையும் தொடப் போவதில்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாரியம்மன் உன்னைத் தலை முதல் கால் வரை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். கார் சாவியைச் சியூ லிங்கிடம் வாங்கி அலமாரியில் பூட்டு. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, கையைப் பார்த்த பிறகு மிச்சத்தைத் திட்டுகிறேன்.

உன் வீடியோவுக்குக் காத்திருக்கும்
அப்பா
மு. குணாளன்