ஓடையில் எடுத்த சாமிக்கல்

என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. நம் லயத்துக் குடியிருப்புப் பூசாரி வாதம் வந்து விழுந்துவிட்டார், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இடது கையும் காலும் வரவில்லை. கூடலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உன்னை அவர் அனுப்ப விடாத அதே ஆஸ்பத்திரிக்கு.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

சிலோன் தோட்டத்தை விட்டு வந்தபோது நம் காவல்சாமி முனியின் கல்லை உன்னை நம்பித்தானே எல்லோரும் கொடுத்தார்கள்? புது இடத்தில் அதை நட்டுத்தான் சாமி கும்பிட வேண்டும் என்று. கப்பலில் வந்து தங்கிய மண்டபம் முகாமில் அது தொலைந்து போனது. சொல்லப் பயந்து, இங்கே தேயிலைக்குக் கீழே ஓடும் ஓடையில் ஒரு கல்லை எடுத்து, மஞ்சள் துணி சுற்றிக் கொடுத்தாய். எல்லோரும் கும்பிட்டார்கள். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

உனக்குத்தான் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. பூசாரியிடம் போய் உண்மையைச் சொன்னாய். "முனி ஒன்னைய விடமாட்டாரு புள்ள. ஒம்மேலயே கண்ணா இருக்காரு" என்றார். ஓடைக்கல் என்று தெரிந்த பிறகும் பூசையை நிறுத்தினாரா? பலி கொடுக்கிற கோழியைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு ஜன்னலில் சாக்கு கட்டினாய். கொழுந்து பறிக்கும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னதும், "இது மனசுல வர்ற சீக்குங்க. மருந்து இருக்கு, கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. "சாமி குத்தத்துக்கு ஊசி போடுவாங்களா?" என்று கேட்டுப் பூசாரி மறித்தார். உன் புருஷனும் தலையாட்டினார். விரதம், விரதம் என்று சோற்றைத் தள்ளியே போய்ச் சேர்ந்தாய்.

அந்த முனியை நமக்குத் தெரியாதா? அப்பா காவலுக்குப் போனால் துணைக்கு நடப்பவர், சுருட்டு கேட்பவர், ஒரு பெரியப்பா மாதிரி என்று நீதானே எனக்குச் சொன்னாய்? அவரை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வேறு யாரைக் கொடுத்தார் இந்த ஆள்?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர், நேற்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டு ஜன்னலிலும் சாக்கு தொங்கியது.

"அந்தக் கல்லு என்னையவே பாக்குது ஆயி. ஒங்க அக்கா மன்னிச்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு."

அது வெறும் ஓடைக்கல், பயப்படாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் அவர் தூங்கியிருப்பார். நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய்.

"முனி ஒங்கள விடமாட்டாருங்க" என்றேன். வாய் கோணி அழுதார். நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வரும் வழியில் நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், அக்கா. அதற்காக என் சொல்லைத் திரும்ப வாங்கப்போவதில்லை.

அவர் மூச்சு நிற்கும்வரை அந்தக் கல்லுக்கு நானே விளக்கு வைப்பேன், சாக்கையும் தாண்டி அவர் படுத்திருக்கும் இடத்துக்குத் தெரிகிற மாதிரி. அவர் போன மறுநாள் அதைப் பிடுங்கி, நீ எடுத்த ஓடையிலேயே போடுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் சேலையைக் கட்டிக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்,
உன் தங்கச்சி செல்லம்மா