உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய எண்ணெய்

அண்ணே,

இன்று காலை உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வடக்குமாசி வீதியில் மார்கழி வெயில் விழும் படியில் உங்கள் அம்மா தேங்காயெண்ணெய்ச் சீசாவை வைத்திருந்தார்கள். உள்ளே எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

காஷ்மீர்ச் சண்டை நடந்த அந்தக் குளிர்காலத்தில் நீங்கள் விமானி, நான் உங்கள் விமானத்துக்கு மெக்கானிக். பக்கத்தில் ஆள் இருந்தால் சார், இல்லாவிட்டால் அண்ணே. நம்மிடம் இருந்ததோ வெள்ளைக்காரன் விட்டுப்போன சீமை விமானம். அதற்கு வரவேண்டிய கிரீஸ் வந்து சேரவில்லை. உங்கள் தலைக்கு மேல் மூடும் கண்ணாடிக் கூடு நகராமல் முரண்டு பிடித்தது. உங்கள் உதட்டு வெடிப்புக்கு உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய எண்ணெய் என்னிடம் இருந்தது. கதவு கிறீச்சிட்டால் தேங்காயெண்ணெய் விடுகிற ஊர்ப்புத்தி எனக்கு. சீசாவைக் கணப்பில் காட்டி உருக்கி, கூடு ஓடும் தடத்தில் ஊற்றினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. மேலே போனால் மறுபடி உறையும் என்று உருக்கிய எனக்கே தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது இறங்காமல் மூன்று முறை வட்டமடித்தீர்கள். கூடு திறக்கவில்லை. கண்ணாடியின் உட்புறமெல்லாம் பனி. விமானம் எதிலாவது மோதித் தீப்பிடித்தால் நீங்கள் வெளியே வர வழியில்லை. நகத்தால் சுரண்டிய இடத்தின் வழியே பார்த்து எப்படியோ இறக்கிவிட்டீர்கள். கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். தடத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தீர்கள்.

“தலைக்குத் தேய்க்கிறத இதுக்குத் தேச்சிருக்கியே, மாப்ள” என்று என் காதோடு சொன்னீர்கள். அதிகாரியிடம் பனி உறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னீர்கள்.

அன்று முழுக்கப் பெட்ரோல் துணியால் துடைத்தேன். தடத்தின் பின்வளைவில் விரல் எட்டவில்லை. குச்சியில் துணி சுற்றித் துடைத்தேன். மூன்றாம் நாள் மறுபடி கிளம்பினீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட்டை இரண்டு தடவை தள்ளிக் காட்டினீர்கள். “நல்லாத்தான் ஓடுது. வாரேன்.”

முதல் தடவையும் தரையில் நன்றாகத்தான் ஓடியது, அண்ணே.

நீங்கள் வரவில்லை. விமானமும் அகப்படவில்லை. எதிரி சுட்டானா, எஞ்சின் நின்றதா, யாருக்கும் தெரியாது. நீங்கள் குதிக்கப் பார்த்தீர்களா, கூடு திறந்ததா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பின்வளைவை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அதற்குள் அம்மா கேட்டார்கள். “தம்பி, நான் குடுத்துவிட்ட எண்ணெய் அந்தக் குளிருல அவனுக்கு ஒதவுச்சா?”

“ஒதவுச்சும்மா” என்றேன்.

அவர்களுக்கு அம்புட்டுச் சந்தோஷம். உனக்கும் உதடு வெடித்திருக்கிறதே என்று ஒரு சின்னச் சீசாவில் வழித்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒத்தக்கடை பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சட்டைப் பையில் இருக்கும் எண்ணெய் என் உடம்புச் சூட்டில் உருகிவிட்டது.