கூட்டுத்தொகை சரியாகத்தான் இருந்தது

இன்று காலை அலமாரியைத் துடைக்கச் சேலைகளை எடுத்தபோது, தட்டில் விரித்திருந்த தாளின் மறுபக்கம் கண்ணில் பட்டது. உன் கணினியிலிருந்து அச்செடுத்த தாள். ஒரே இடத்தில் தொடங்கும் இரண்டு கோடுகள், பாதி தூரம் ஒன்றாகவே போய், பிறகு ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகப் பிரிகின்றன. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பல ஊர்ப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் நடத்திவிட்டு நீ தூத்துக்குடிக்குத் திரும்பியபோது, கான்வென்டில் உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் இங்கே மிச்சம். மாலைகளில் என் முன்னறையில் கணினியைத் திறந்து வைப்பாய். அணுவைவிடச் சிறியவை நேரம் போகப் போக எப்படி மாறும் என்று கணக்கிடுவது உன் வேலை. ஒரேயடியாகக் கணக்கிட முடியாது, நேரத்தைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும், ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் பிழை சேரும் என்றாய்.

"பிழை இருந்தால் கூட்டிப் பார்க்கும்போது தெரிந்துவிடுமே?" என்று கேட்டேன்.

"அதுதான் ஏளா மோசம். அது எந்தெந்த நெலையில இருக்கலாம்ங்கற எல்லா வாய்ப்பையும் கூட்டினா ஒவ்வொரு தடவையும் சரியா ஒண்ணுன்னுதான் வரும். உள்ள எல்லாம் தப்பாக் கெடக்கும்" என்று இந்தத் தாளை நீட்டினாய். "இது நெசம். இது என் கணக்கு. ரெண்டுக்கும் கூட்டுத்தொகை ஒண்ணுதான்."

அதை உன் கணக்கின் குறை என்று எடுத்துக்கொண்டேன். என் கணக்கில் குறை கிடையாது.

நம் பங்குக் கோயிலின் சிறுகடன் திட்டத்தை அப்போது நான்தான் நடத்தினேன். கரையோரப் பெண்களுக்கு வலை வாங்க, கருவாடு போட என்று கொடுப்போம். செவ்வாய்க்கிழமை பூசை முடிந்ததும் தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் யாரும் எழுந்து போகக் கூடாது. அந்த விதி நான் போட்டது. ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்று பெருமைப்பட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, குழுவில் ஒருத்தியான அந்தோணியம்மாள் வெறுங்கையோடு வந்தாள். சங்கு குளிக்கும் அவள் கணவனுக்குக் காதில் சீழ் வைத்து, மூன்று வாரமாகக் கடலில் இறங்கவில்லை. விதி விதிதான் என்றேன். வெயில் ஏறியது. மீன் விற்கும் பெண் ஒருத்தி, "எம்மா, என் சாளை உங்க விதியப் படிச்சிருக்கா? நாறிப் போனா நீங்கதான் வாங்கிக்கிடணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பணம் கொண்டுவருகிறேன் என்று எழுந்து வெளியே போனவள் அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, புது நோட்டுகளாக மேசையில் வைத்தாள்.

நீ ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாய்: "அரைமணி நேரத்துல அவளுக்கு யாரு ஏளா குடுத்தா?"

"வந்துவிட்டதல்லவா? அது போதும்."

"கந்துவட்டிக்காரன்தான் அவ்வளவு வேகமாக் குடுப்பான். அவ வீட்டுக்குப் போய்க் கேளு. நம்ம கடன அடைக்க அவ அதவிடப் பெரிய குழியில இறங்குதா."

"நான் போய் அவள் வாசலில் நிற்பதா?" என்றேன். அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் அவள்தான் முதலில் கட்டினாள். உன்னிடம் அதைச் சொல்லிக் காட்டவும் செய்தேன். மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் நீ கேட்டது அவளைப் பற்றித்தான். "போனியா?" என்றாய். "போகிறேன்" என்றேன். போகவில்லை.

உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த மறுநாள் போனேன். கதவில் வேறு யாரோ போட்ட பூட்டு தொங்கியது. வட்டிக்காரன் வீட்டை எடுத்துக்கொண்டானாம். எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். யார் யாரிடமோ விசாரித்துவிட்டேன். அந்தக் குடும்பத்தைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

உட்கார்த்தி வைக்கும் விதியை எடுத்துவிட்டேன். முடியாதவர்கள் அடுத்த மாதம் தரலாம் என்று அறிவித்தேன். ஒருவரும் தவணையைத் தள்ளிப்போடக் கேட்கவில்லை. இப்போது பணத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருத்தியிடமும், "இது எப்படி வந்தது?" என்று கேட்கிறேன்.

"வீட்டுக்காரருக்கு நல்ல பாடும்மா, வலை நெறைய மீனு" என்கிறார்கள், பணிவாக, என் கண்ணைப் பார்க்காமல். மீன்பிடித் தடைக்காலம் இது. அவர்களுடைய வீட்டுக்காரர்கள் போகும் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. அது பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். நான் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிறேன்.

நீ கேட்கச் சொன்ன கேள்வியை இந்த வயதில் கற்றுக்கொண்டேன். அதற்கு என்னிடம் உண்மையைச் சொல்ல இந்தக் கரையில் யாரும் இல்லை.